நோயாளிக்கு மட்டும் தெரியாத செய்தி

"பேஷண்ட்கிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம் டாக்டர், தாங்கமாட்டாரு." புற்றுநோய் வார்டுக்கு வெளியே நின்று இந்த வாக்கியத்தைச் சொல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. டாக்டரும் தலையாட்டிவிடுகிறார். அவருக்கும் ஒரு சங்கடமான வேலை மிச்சம். உள்ளே படுத்திருப்பவரிடம் 'வயித்துல புண்ணு, மாத்திரை சாப்பிட்டா ஆறிடும்' என்று சொல்லியாகிறது. அதே நேரத்தில் மூத்த மருமகனுக்கு விஷயம் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். ரத்தம் எடுக்க வந்த லேப் பையனுக்கும், படுக்கை விரிப்பு மாற்றும் ஆயாவுக்கும், பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு வந்தவருக்கும்கூடத் தெரியும். யாருடைய உடம்போ அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. (பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருப்பார், அது இன்னொரு கொடுமை.)

மருத்துவ அறம் பற்றிய பேச்சில் இவற்றை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நோயாளியிடம் டாக்டர் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்பது நேர்மை பற்றியது. நோயாளியைப் பற்றி மற்றவர்களிடம் வாய்திறக்கலாமா என்பது அந்தரங்கம் பற்றியது. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம். ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கின்றன. உள்ளே மறைப்பதும் வெளியே சொல்வதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். ஓர் உடலைப் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கேட்காமல் நேர்மையைப் பற்றியும் பேச முடியாது, அந்தரங்கத்தைப் பற்றியும் பேச முடியாது.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். 'அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் சார். அங்கே தனிமனிதன். இங்கே குடும்பம். நோயாளியிடம் சொல்லாமலிருப்பது நம்ம பண்பாடு.' டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள் என்பதில் வியப்பில்லை. நம் முற்போக்கு நண்பர்களும் சொல்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1961இல் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றில் டொனால்ட் ஓகன் என்ற மனநல மருத்துவர் அங்கிருந்த டாக்டர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: புற்றுநோய் என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்வீர்களா? சொல்லாமலிருப்பதே தங்கள் பொதுவான வழக்கம் என்று பதில் சொன்னவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். தனிமனிதச் சுதந்திரத்தின் தலைநகரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்டில்! 1979இல் அதே கேள்வி அமெரிக்க டாக்டர்களிடம் மறுபடி கேட்கப்பட்டபோது ஏறத்தாழ 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் 'பண்பாடு' தலைகீழாகிவிடாது. நடுவில் நடந்தவை வேறு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்தது. பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே புத்தகம் எழுதிக்கொண்டார்கள். டஸ்கீகியில் சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஏழைகளிடம் 'உங்களுக்குக் கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லி, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை அரசே வேடிக்கை பார்த்தது அம்பலமானது. சிகிச்சையும் முன்னேறியது, வழக்குகளும் வந்தன. சொல்லும் பழக்கத்தை டாக்டர்கள் தாமாக முன்வந்து கொடுக்கவில்லை. பிடுங்கப்பட்டது.

இன்னும் பின்னால் போனால் மேற்கத்திய மருத்துவத்தின் வேரிலேயே இந்த மறைப்பு இருக்கிறது. ஹிப்போக்ரடஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்தொகுப்பில் உள்ள புகழ்பெற்ற உறுதிமொழி, நோயாளி வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாதே என்கிறது. அதே தொகுப்பில் மருத்துவரின் நடத்தை பற்றிய இன்னொரு நூல், நோயாளியிடம் பெரும்பாலானவற்றை மறைத்துவிடு என்கிறது. 1803இல் மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் எழுதிய அறநூலும் அப்படித்தான்: ஆபத்து என்றால் நோயாளியின் நண்பர்களுக்குச் சொல், மிகவும் அவசியப்பட்டால் நோயாளிக்கும் சொல். 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, 'நம்ம பண்பாடு' என்று நாம் மார்தட்டிக்கொள்வது ஆங்கில மருத்துவத்தோடு கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. அந்த இரண்டு கிரேக்க அறிவுரைகளில் வெளியே சொல்லாதே என்பது வழியில் எங்கோ தொலைந்துபோனது. நோயாளியிடம் மறை என்பது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

தொலைந்துபோனதற்கும் காரணம் உண்டு. மிஷேல் பூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பு பற்றி எழுதிய நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் உருவான போதனா மருத்துவமனையை ஓர் ஒப்பந்தமாகப் பார்க்கிறார். ஏழைக்கு இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. பதிலுக்கு அவன் தன் உடலைப் பார்வைக்கு வைக்கிறான். அந்த உடலில் மாணவர்கள் கற்றுக்கொண்டது நாளைக்குப் பணக்காரனின் உடலைக் குணப்படுத்தப் பயன்படும். பணக்காரனின் நோய்க்குத் திரை உண்டு. ஏழையின் நோய்க்குப் பார்வையாளர்கள் உண்டு. நம் பெரியாஸ்பத்திரியில் காலை ரவுண்ட்ஸ் வரும்போது பார்த்திருப்பீர்கள். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர், நடுவில் சேலையை விலக்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண், அவள் தலைக்கு மேலே இங்கிலீஷ். அந்தப் பேச்சு முழுக்க அவளைப் பற்றியதுதான், ஆனால் அவளிடம் அல்ல. 'என்னங்க சொல்றாங்க' என்று அவள் கேட்பது கடைசியாகப் போகும் நர்ஸிடம். அந்த நர்ஸ் நல்லவராக இருந்தால் ஏதாவது சொல்வார்.

இந்தப் பார்வையின் கீழ் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு எச்.ஐ.வி.யின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம்முடைய மதராஸில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த அந்த வேலை பெரிய வேலை, சந்தேகமில்லை. அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆனால் ரத்தம் யாரிடம் எடுக்கப்பட்டது? பாலியல் தொழில் செய்ததற்காகப் பிடித்துக் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம். எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. ஏதோ வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். முடிவு சட்டமன்றத்துக்குப் போனது, தில்லிக்குப் போனது, பத்திரிகைகளுக்குப் போனது. பிற்பாடு தொற்று இருப்பதையே காரணமாக வைத்துப் பெண்களை இல்லத்திலிருந்து விடாமல் பிடித்துவைக்கும் நிலையும் வந்தது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடித்தான் அவர்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

கோவாவில் 1989 பிப்ரவரியில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரைத் தேடிப் போலீஸ் வந்தது. அவர் செய்த குற்றம், வழக்கமாக ரத்ததானம் செய்துவந்தது. தானம் கொடுத்த ரத்தத்தில் கிருமி இருந்தது லேபுக்குத் தெரிந்திருந்தது, சுகாதாரத் துறைக்குத் தெரிந்திருந்தது, காவல் துறைக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் தனியாக அடைத்துவைத்தார்கள். அவருடைய அம்மா லூசி டிசூசா வழக்குப் போட்டார். அப்படி அடைக்க இடம்கொடுத்த சட்டம் செல்லும் என்றே மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1992இல் டொமினிக் இறந்துபோனார்.

அடுத்ததும் ரத்தம் கொடுக்கப் போனவரின் கதைதான். 1995இல் நாகாலாந்திலிருந்து ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்த மருத்துவர் ஒருவர் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். சோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. அந்த டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றது. செய்தி குடும்பம், சமூகம் என்று பரவி ஒதுக்கிவைக்கப்பட்ட அவர் கோஹிமாவை விட்டே வெளியேறினார். மருத்துவமனை ரகசியம் காக்கவில்லை என்று உச்சநீதிமன்றம்வரை போனார். 1998இல் வந்த தீர்ப்பு, மணப்பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்னும்போது ரகசியம் காக்கும் கடமை இல்லை என்றது. கேட்காத கேள்விக்கும் பதிலாக, தொற்றுள்ளவரின் திருமண உரிமையே நோய் தீரும்வரை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் சொல்லிவைத்தது. (இந்தப் பிற்சேர்க்கை தேவையற்றது என்று 2002இல் அதே நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது.) வழக்கின் பெயர் 'திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்'. நோயாளியின் பெயரை மறைத்தது நியாயம். மருத்துவமனையின் பெயரையும் எதற்கு மறைத்தார்கள்? ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்கில் நின்ற நிறுவனத்துக்கு நீதிமன்றத்திலேயே அந்தரங்கம் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் பெண்ணியத் தோழர்கள் கேட்பது சரியான கேள்வி: அந்த மணப்பெண்ணுக்கு உயிர் இல்லையா? கணவனின் அந்தரங்கம் என்ற பெயரில் எத்தனை பெண்கள் பிரசவத்துக்குப் போன இடத்தில்தான் தங்கள் தொற்றைத் தெரிந்துகொண்டார்கள்? இதை ஒதுக்கிவிட்டு அந்தரங்கம் பேசுவது ஆண்களின் அந்தரங்கம் பேசுவதாகத்தான் முடியும். ஆனால் அவளுக்குச் சொல்வது வேறு, ஊருக்குத் தெரியவிடுவது வேறு. 1998 தீர்ப்பு முதலாவதைப் பற்றி நிறையப் பேசி இரண்டாவதை அதற்குள் கரைத்துவிட்டது. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இந்த இடத்தில் எவ்வளவோ மேல். அது ஒரு வரிசையை வைக்கிறது. முதலில் தொற்றுள்ளவரிடம் பேசு. துணைக்கு நீயே சொல் என்று ஆலோசனை கொடு. சொல்லமாட்டார் என்று தெரிந்தால், நான் சொல்லப்போகிறேன் என்று அவருக்கு அறிவித்துவிட்டுப் பிறகு துணையிடம் மட்டும் நேரில் சொல். தொற்றுள்ள பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவள் அடிபடுவாள், விரட்டப்படுவாள் என்று தோன்றினால் சொல்லாதே. அதாவது செய்தி முதலில் அதற்கு உரியவரிடம் போக வேண்டும், அங்கிருந்துதான் நகர வேண்டும்.

அந்தச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, சாத்தூர் நடந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருடைய ரத்தத்தில் தொற்று இருப்பது 2016லேயே ஒரு தானத்தின்போது பதிவாகியிருந்தது. ஆனால் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. தெரியாததால் மறுபடி கொடுத்தார். சிவகாசி ரத்த வங்கி அதைப் பிடிக்காமல் விட்டது. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் விஷயம் தெரிந்தவுடன் அவரே ஓடிவந்து 'என் ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க' என்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. இந்தக் கதை முழுவதிலும் உரிய நேரத்தில் உரிய இடத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். செய்தி வெடித்து ஊர் பேசத் தொடங்கிய சில நாட்களில் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். லேப் ஊழியர்கள்மீது நடவடிக்கை வந்தது. இரண்டு வருடம் அந்தச் செய்தி எந்தப் பதிவேட்டில், எந்த மேசையில் தூங்கியது, அதை அவரிடம் கொண்டுசேர்ப்பது யாருடைய வேலை என்ற கேள்வி ஊழியர்களின் 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோனது.

நோயாளிகள் உண்மை பேசுவதில்லை என்று டாக்டர்கள் அடிக்கடி குறைபட்டுக்கொள்வார்கள். 'குடிக்கிறியான்னா இல்லைம்பான், நாட்டு மருந்து சாப்பிட்டியான்னா இல்லைம்பா.' உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி எங்கே கேட்கப்படுகிறது? புறநோயாளிகள் பிரிவில், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது 'இதுக்கு முன்னாடி கலைச்சிருக்கியா' என்று கேட்டால் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? அந்தப் பொய் அவளுடைய ஒழுக்கக்கேடு அல்ல. திரைச்சீலை இல்லாத இடத்தில் அவளே போட்டுக்கொள்ளும் திரைச்சீலை. அதன் விலையையும் அவள்தான் கொடுக்கிறாள், சில சமயம் உயிராலேயே.

அந்தரங்கம் என்பது பூர்ஷ்வாக் கருத்து, ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களையே கேட்டுப் பாருங்கள். காசநோய் மாத்திரையை உள்ளூரில் வாங்காமல் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். வீட்டு வேலை போய்விடும், மகளுக்கு வரன் வராது, தெருக் குழாயில் குடத்தை வைக்க விடமாட்டார்கள். பணக்காரனுக்கு ரகசியம் கசிந்தால் அவமானம், ஏழைக்கு அது சோறு. தீட்டு என்ற சொல் ஏற்கெனவே புழங்கும் சமூகத்தில் நோயின் பெயர் வெளியே வந்தால் அது நோயின் பெயராக மட்டும் நிற்காது. 2020இல் கொரோனா வந்தபோது வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தகரம் வைத்து அடைத்தார்கள். அப்படிப் போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது டிசம்பரில், ஒட்டிக் கிழித்து எல்லாம் முடிந்த பிறகு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சொல்கிறது, அதற்கே உரிய வழுக்கலோடு. 2002இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ தெளிவான ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகியவை விலக்கு. நல்லது. நேர்மை பற்றிய விதியைப் பாருங்கள். நோயின் தீவிரத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று தொடங்கி, நோயாளியோ உறவினர்களோ பொறுப்பான நண்பர்களோ நிலைமையை அறிந்திருப்பதை டாக்டர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அந்த 'ஓ'வில்தான் எல்லாம் இருக்கிறது. மாமாவிடம் சொல்லிவிட்டால் விதி நிறைவேறிவிட்டது. 1803இன் பெர்சிவல் வாசனை 2002இலும் போகவில்லை. 2008இல் உச்சநீதிமன்றம் தீர்த்த தில்லி வழக்கு ஒன்றில் இந்த 'ஓ' எதுவரை போகும் என்பது தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுக் கிடக்கிறார். வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அவருடைய கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். முடிவெடுக்கும் தகுதியுள்ள, வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சரியான தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, எல்லா விவரத்தையும் சொல்லிச் சம்மதம் பெறும் அமெரிக்க முறை நம் நாட்டு நிலைமைக்குப் பொருந்தாது என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. நம் நாட்டு நிலைமை என்றால் ஏழ்மை, படிப்பின்மை. தெரியாதவருக்குத் தெரியவைக்கும் கடமை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?

2002 விதிகளிலேயே, கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். 'எதுக்கு? கேஸ் போடப் போறீங்களா?' என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். அப்படியே கொடுத்தாலும் அது இங்கிலீஷில் இருக்கும், பாதி சுருக்கெழுத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் கேட்டு ஓர் இயக்கம்கூட நம்மிடம் வளரவில்லை. ஆட்சிமொழி, கோயில் மொழி, நீதிமன்ற மொழி என்று எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்திருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் கைநாட்டு வாங்கும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நம் மொழிப்போர்களில் ஒரு கோரிக்கையாக எழவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய நோயாளி அந்தக் காகிதத்தை என்ன செய்வார்? மஞ்சள் பையிலிருந்து எடுத்துக்கொண்டு தெருவில் காலேஜ் படிக்கும் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்துப் போவார். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பாள். அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். கடைசி வரியில் நோயின் பெயர் வரும்போது அவள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்ல தாத்தா, மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்பாள்.